உடன்போக்குக்கு உகந்த இடம் எது?



காதலர் இருவர் ஊரைவிட்டுப் புறப்படத் துணிந்துவிட்டனர். எந்த வழியாற் போவது? எந்தப் பருவத்திற் போவது? இளைப்பாற எங்கே தங்குவது? இன்றைய உரையில் இக்கேள்விகளையே எடுத்துக்கொள்கிறேன். ஓடிப்போவதற்கு வழி சொல்லிக்கொடுக்கும் உரை என்று நினைத்துப் பெற்றோர் யாரும் வானொலியை நிறுத்திவிட வேண்டாம். அவர்களுக்கும் இதிற் பங்குண்டு. அது பின்னால் வரும்.

மேலைநாடுகளில் இந்தக் கேள்விகள் இன்று புதிய கோலத்தில் எழுந்துள்ளன. ஆங்கிலத்தில் 'ஓடிப்போய் மணம் முடித்தல்' என்று பொருள்பட்ட சொல், இப்போது கூட்டமும் விருந்தும் இன்றி இருவர் மட்டும், அல்லது நெருங்கிய சிலருடன், மலைச்சிகரத்திலோ அருவிக்கரையிலோ நின்று செய்யும் திருமணத்தையும் குறிக்கிறது. இதற்கு இடந்தேடிக் கொடுப்பதைத் தொழிலாகக் கொண்ட புகைப்படக் கலைஞர்களும் உளர். எந்த மாதத்திற் பனி உருகிப் பாதை திறக்கும், மாலை வெயில் எந்தப் பாறையில் விழும், மணப்பெண் எவ்வளவு தூரம் ஏற முடியும் என்றெல்லாம் அவர்கள் கணக்கிடுகின்றனர். அமெரிக்கத் தேசிய பூங்காக்களில் இத்தகைய சடங்குக்குப் பொதுவாக முன் அனுமதி பெறவேண்டும். கொலராடோ மாநிலச் சட்டமோ மதகுருவும் அதிகாரியும் இல்லாமல் மணமக்கள் தாமே தம் திருமணத்தை நிறைவேற்றிக்கொள்ள இடமளிக்கிறது. அதனால் அங்குள்ள மலைகளுக்கு மவுசு அதிகம்.

இதை நான் குறை கூறவில்லை. ஆனால் இங்கே இடம் என்பது பெரிதும் காட்சிக்குரிய பின்னணியாகிறது. இதே கேள்விகளுக்கு ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்னர் நம் புலவர்கள் வேறு விடை கண்டனர். அந்த விடையைத்தான் இன்று நோக்கப் போகிறோம்.

களவொழுக்கத்தில் ஈடுபட்ட தலைவனும் தலைவியும் பெற்றோர் அறியாது தலைவனின் ஊரை நோக்கிப் புறப்படுவதை அகத்திணை 'உடன்போக்கு' என்கிறது. 'கொண்டுதலைக் கழிதல்' என்பது தொல்காப்பியர் ஆளும் தொடர். ஊரின் அலர் தூற்றல், தாயின் காவல், வேற்று வரைவு எனக் காரணங்கள் பல. ஏற்பாட்டைச் செய்பவள் பெரும்பாலும் தோழி. ஐங்குறுநூற்றின் பாலைப் பகுதியில் ஓதலாந்தையார் பாடிய நூறு பாடல்களுள் கடைசி முப்பதும் இதற்கே உரியன. மகள் போனபின் தாய் இரங்குவது பத்து. இடைவழியில் நிகழும் பேச்சுப் பத்து. மீண்டு வருவது பத்து. போனவர், பிரிந்தவர், திரும்பியவர் என்னும் முத்திறத்தாரையும் ஒருசேர வைத்துப் பார்த்த ஒழுங்கு அது.

இலக்கணப்படி உடன்போக்குப் பாலைத் திணைக்குரியது. தொல்காப்பியர் காடு, மலை, வயல், கடல் என நான்கு நிலங்களுக்குத் தெய்வம் சொன்னார். பாலைக்குத் தனி நிலம் சொல்லவில்லை. முல்லையும் குறிஞ்சியும் வெயிலால் தம் இயல்பு கெட்டுத் திரிந்த நிலையே பாலை என்று சிலப்பதிகாரம் விளக்குகிறது. பொழுது நண்பகல், பருவம் வேனில். அப்படியானால் காதலர் செல்வதற்கு இதைவிட மோசமான இடமும் நேரமும் உண்டா? பிரிவின் கடுமைக்கு நிலத்தின் கடுமையைப் பொருத்திய இலக்கண நெறி அது. ஆயினும் பாடல்களுக்குள்ளே புகுந்து பார்த்தால் நாம் காண்பது எரிந்த நிலம் மட்டுமன்று.

நற்றிணையின் ஒன்பதாம் பாட்டை எடுத்துக்கொள்வோம். பாடியவர் பாலை பாடிய பெருங்கடுங்கோ. பாலையின் கொடுமையை அவரைப்போல் அறிந்தவர் சிலரே. இங்கே தலைவன் நடந்து களைத்த தலைவியிடம் பேசுகிறான். புன்க மரத்தின் தளிரை எடுத்து மார்பில் அப்பிக்கொள்ளச் சொல்கிறான். மரநிழல் கிடைக்கும் இடமெல்லாம் ஆறுதலாக இருந்து, மணற்பரப்பு வரும்போதெல்லாம் சிற்றில் கட்டி விளையாடி, வருத்தமின்றி மெல்ல வா என்கிறான். மாமரத்து அரும்புகளைக் கோதிக் குயில்கள் கூவுகின்றன. கடைசியாக, தாம் போகும் வழியைப் பற்றி இரண்டு செய்திகளைச் சொல்கிறான். அக்காட்டில் மணமும் குளிர்ச்சியும் உள்ள சோலைகள் உண்டு. சின்னஞ்சிறு ஊர்கள் அடுத்தடுத்து உண்டு.

இந்த இரண்டாவது செய்தியை நேயர்கள் கவனிக்க வேண்டும். யாரும் காணாத வழியே ஓடுபவர்க்கு நல்லது என்றுதான் நாம் நினைப்போம். இவனோ ஊர்கள் நெருங்கிய வழியைத் தேர்ந்திருக்கிறான். களைத்தால் தங்கலாம், தாகித்தால் தண்ணீர் கேட்கலாம், இருட்டினால் அவள் அஞ்ச வேண்டியதில்லை. மா அரும்பும் காலத்தையும் தேர்ந்திருக்கிறான். இன்னும் ஒன்று: அவனுக்கு அவசரமே இல்லை. பயணத்தின் வேகம் அவள் கால்களால் அளக்கப்படுகிறது.

இன்னொரு காட்சி நற்றிணை 362. மதுரை மருதன் இளநாகனார் பாடியது. முதல் மழை பெய்த காடு. நிலமெங்கும் செந்நிறப் பூச்சிகள் ஊர்கின்றன. மழை விட்டதும் சிறுவர்கள் பொறுக்கி உள்ளங்கையில் ஏந்தும், பட்டுப்போன்ற மென்மையுடைய தம்பலப்பூச்சிகள்தாம் அவை. நீ அவற்றைப் பார்த்தும் பிடித்தும் சற்று விளையாடு என்கிறான் தலைவன். தான் எங்கே இருப்பான்? இளங்களிறு உடம்பு தேய்த்த பருத்த வேங்கை மரத்தின் பின்னே, மணல் பொருந்திய ஓரிடத்தில். பகைவர் போருக்கு வந்தால் அஞ்சாமல் விரட்டுவேன். உன் வீட்டார் வந்தால் மறைந்துகொள்வேன் என்கிறான்.

எனக்கு மிகவும் பிடித்த உடன்போக்குப் பாடல் இதுவே. அவளுக்கு விளையாட வெளி. அவனுக்குக் காவல் நிற்க மரம். ஒரே இடத்தில் இரண்டையும் பார்த்து வைத்திருக்கிறான். அவன் மறைவதாகச் சொன்னது கோழைத்தனமன்று. அவளுடைய தமையன்மாரின் இரத்தம் தன் வேலிற் படக்கூடாது என்ற எண்ணம் அது. நாளைக்கு அவர்களோடு உறவாட வேண்டும் என்பதை மறக்காதவன் அவன்.

தோழியின் கணக்கு இன்னும் நுட்பமானது. குறுந்தொகை 262 இல், அதுவும் பெருங்கடுங்கோவின் பாட்டே, அவள் தலைவிக்குப் பயணத்தை எடுத்துச் சொல்கிறாள். வானளாவிய மலைச்சாரலில் கரும்புப் பாத்திபோல ஆழப் பதிந்த யானையின் அடிச்சுவடுகளில் மழைநீர் தேங்கியிருக்கும். நெல்லிக்காயைத் தின்றபின் அந்த நீரை அவனோடு நீ பருகுவாய் என்கிறாள். நெல்லிக்காய் தின்றவர் வாய்க்கு எந்தத் தண்ணீரும் இனிக்கும் என்பது நாம் அறிந்ததே. வழியில் கிணறு இல்லை, குளம் இல்லை என்ற உண்மையை அவள் ஒளிக்கவில்லை. இருக்கும் நீரை இனிதாக்கும் வழியைச் சொல்கிறாள். வீட்டிலே அலைக்கழிக்கும் தாயின் சொல்லைவிட யானை அடியில் தேங்கிய நீர் இனியது என்பது உட்பொருள்.

நம் நாட்டுப் பெயரைத் தாங்கிய புலவரும் இந்த வரிசையில் இருக்கிறார் என்பது நேயர்களுக்கு மகிழ்ச்சி தரும். ஈழத்துப் பூதன்தேவனார் பெயரிலுள்ள குறுந்தொகை 343 ஆம் பாட்டும் உடன்போக்குக்கு இசையும்படி தோழி தலைவியிடம் கூறுவதே. அவள் காட்டும் மலை சாந்தமான மலையன்று. யானையின் முகத்திற் பாய்ந்த வலிய ஆண்புலி, அதன் வெண்கொம்பைச் செங்குருதியாற் கறைப்படுத்திவிட்டு, மலைப்பிளவிலே செத்துக் கிடக்கிறது. மேல்காற்று முறித்துப் போட்ட, பூ வாடிய வேங்கைக் கிளைபோல் அது கிடக்கிறதாம். அத்தகைய மலைநாட்டவனோடு போவதை எண்ணிப்பார் என்கிறாள் தோழி. ஆபத்தை மறைத்து அழகை மட்டும் காட்டி அவள் தோழியை அனுப்பவில்லை. எந்த நிலத்துக்குப் போகிறாய் என்று தெரிந்துகொண்டு போ என்கிறாள்.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்க்கையில் எனக்குத் தோன்றுவது ஒன்றுதான். இடத்தைத் தேர்பவரின் மனம் அந்தத் தேர்விலே தெரிந்துவிடும். நிழல், நீர், ஊர், ஒதுங்க ஒரு மரம் என்று எண்ணியவன் அவளை எண்ணியிருக்கிறான்.

இதற்கு எதிர்மாறான ஒரு கதையை ஆங்கில இலக்கியத்திற் காணலாம். இங்கிலாந்தில் 1754 இல் நடைமுறைக்கு வந்த திருமணச் சட்டம், 21 வயது நிரம்பாதவர் உத்தரவு பெற்று மணம் முடிக்கப் பெற்றோரின் சம்மதத்தைக் கட்டாயமாக்கியது. ஸ்கொட்லாந்துக்கு அச்சட்டம் இல்லை. அங்கே சாட்சிகள் முன் இருவரும் தம்மைக் கணவன் மனைவி என்று அறிவித்தாற் போதும். ஆகவே எல்லையைக் கடந்ததும் வரும் கிரெட்னா கிறீன் என்னும் சிற்றூர் காதலரின் புகலிடமாயிற்று. கொல்லன் பட்டறையின் பட்டடைக்கல்லே அங்கு மணவறை. அந்த ஊரை அழகுக்காக யாரும் தேர்ந்ததில்லை. சட்டம் அங்கே மாறியது என்பதே காரணம். 1856 இன் சட்டம் இருவரில் ஒருவராவது 21 நாட்கள் ஸ்கொட்லாந்தில் தங்கியிருக்க வேண்டுமென்றது. 1940 இல் அந்த அறிவிப்பு முறையே ஒழிந்தது. இன்றும் மணமக்கள் அங்கே செல்கின்றனர், பழைய கதையின் சுவைக்காக.

ஜேன் ஒஸ்டின் 1813 இல் வெளியிட்ட 'பெருமையும் தப்பெண்ணமும்' நாவலில் லிடியா என்னும் பதின்பருவப் பெண் விக்காம் என்னும் படை அதிகாரியோடு ஓடிப்போகிறாள். கிரெட்னா கிறீனுக்குப் போகிறோம் என்று கடிதமும் எழுதி வைக்கிறாள். ஆனால் அவன் அவளை அழைத்துச் சென்றது லண்டனுக்கு. கிரெட்னா கிறீன் போனால் மணம் முடிக்க வேண்டிவரும். லண்டனிலோ கூட்டத்துள் ஒளிந்துகொள்ளலாம். பிறகு இன்னொருவர் பணங்கொடுத்துத்தான் அந்தத் திருமணம் நடக்கிறது. அவன் மனத்தை அறிய வேறு சான்று வேண்டியதில்லை. பாதை மாறிய இடமே போதும். பூங்குயில் கூவும் சோலையும் சிற்றூரும் பார்த்து வைத்த நம் தலைவனை இவனருகே நிறுத்திப் பாருங்கள்.

இனிப் பெற்றோர் பகுதிக்கு வருவோம். சங்கப் பாடல்களில் வழியும் வெறுமையாக இல்லை, சாட்சிகள் நிறைந்திருக்கிறது. குறுந்தொகையின் ஏழாம் பாட்டிலே, வாகை நெற்றுகள் கூத்தர் பறைபோல் ஒலிக்கும் மூங்கிற் காட்டில், எதிர்வந்தவர்கள் இருவரையும் காண்கின்றனர். அவன் காலிலே கழல். அவள் காலிலே இன்னும் சிலம்பு. சிலம்பு கழற்றும் சடங்கு நடக்கவில்லை, ஆகவே மணமாகவில்லை என்று அவர்களுக்கு விளங்கிவிடுகிறது. பிடித்துக் கொடுக்கவில்லை; இழிவாகப் பேசவில்லை; இரங்குகின்றனர். கலித்தொகையில் மகளைத் தேடி வரும் செவிலியிடம் வழியிலே வந்த அந்தணர், மலையிற் பிறந்த சந்தனமும் கடலிற் பிறந்த முத்தும் பிறந்த இடத்துக்கா பயன்படுகின்றன என்று கேட்டு அவளை ஆற்றுகின்றனர்.

இலக்கணமும் கதவை அடைக்கவில்லை. உடன்போன காலத்தில், பெண்ணைக் கொடுப்பதற்குரிய சுற்றத்தார் இல்லாமலேயே திருமணச் சடங்கு நிகழலாம் என்று தொல்காப்பியக் கற்பியல் ஏற்றுக்கொள்கிறது. ஐங்குறுநூற்றின் இறுதிப் பத்தில் ஒரு தாய், சிலம்பு கழற்றும் நோன்பை உங்கள் வீட்டிலே செய்திருந்தாலும் திருமணத்தையாவது எங்கள் வீட்டிலே செய்ய விடக்கூடாதா என்று தலைவன் வீட்டாருக்குச் சொல்லி அனுப்ப விழைகிறாள். கோபம் இல்லை, பழி இல்லை. தன் முற்றத்திலும் ஒரு பந்தல் வேண்டும் என்ற ஏக்கம் மட்டுமே.

இதை வாசிக்கும்போது நம் காலம் நினைவுக்கு வராமற் போகாது. தமிழ்நாட்டின் உடுமலைப்பேட்டையில் 2016 மார்ச் 13 அன்று, சாதி கடந்து மணந்த இளந்தம்பதியரைப் பேருந்து நிலையத்தருகே பட்டப்பகலில் வெட்டினர். கணவர் இறந்தார், மனைவி காயங்களோடு உயிர் தப்பினார். சங்கக் காதலர் அஞ்சிய இடங்கள் புலியும் கள்வரும் திரியும் சுரங்கள். அவற்றைக் கடந்து ஊர் தென்பட்டால் அச்சம் தீர்ந்தது. ஊரே சுரமாகிவிட்டால் எந்த மலையை, எந்த அருவியைத் தேர்ந்து என்ன பயன்?

ஆகவே நேயர்களே, மணம் செய்ய எழில்மிக்க இடம் தேடும் இளையோருக்கு நம் புலவர்கள் தரும் விடை இதுதான். களைத்தவர்க்கு நிழலும் தாகித்தவர்க்கு நீரும் இருக்கிறதா? அழைத்தால் கேட்கும் தூரத்தில் நல்ல மனிதர் இருக்கின்றனரா? சட்டமும் சாட்சியும் அங்கே செல்லுபடியாகுமா? இவற்றுக்கு விடை கண்டபின் குயிலையும் மாம்பூவையும் பார்க்கலாம். பெற்றோருக்கு அவர்கள் தருவது ஒரே கேள்வி: பிள்ளைகள் திரும்பி வந்தால் மிதிக்க உங்கள் முற்றம் இருக்கிறதா? உடன்போக்கின் கடைசி இடம் அதுதான். அதை மட்டும் காதலரால் தேர்ந்துகொள்ள முடியாது, நீங்கள்தான் கொடுக்க வேண்டும்.