ஆயிரம் அடி போட்டும் ஏன் புழுதி?

கோவை, திருப்பூர் பக்கம் இது சகஜம். ஒரு தோட்டத்தில் ஆயிரம் அடி போர் போட்டும் புழுதிதான் பறக்கும். வரப்புக்கு அந்தப்பக்கம் முந்நூறு அடியிலேயே இரண்டு இஞ்சுத் தண்ணீர் கொட்டும். ராசி என்பார்கள். விஷயம் பாறையில் இருக்கிறது.

தமிழ்நாட்டில் ஏறத்தாழ 73 சதவீத நிலம் கடினப்பாறைப் பகுதி. மேல்மண்ணுக்கு அடியில் வெயிலிலும் மழையிலும் இற்றுப்போன பாறை இருக்கும். இதுதான் மழைநீரைத் தேக்கிவைக்கும் அடுக்கு. பழைய வெட்டுக் கிணறுகள் பெரும்பாலும் இதை நம்பித் தோண்டியவையே. அதற்குக் கீழே உள்ள கெட்டிப் பாறையில் தண்ணீர் நடமாட வெடிப்புகள் வேண்டும். ஆழம் கூடக்கூட மேற்பாறையின் கனத்தில் வெடிப்புகள் இறுகி அருகிப்போகும்.

அதனால்தான் போர் வண்டிக்காரர் வெளியே வரும் தூளிலேயே கண்ணாக இருப்பார். சாம்பல் நிறத் தூள் ஒரே சீராக வந்தால் கெட்டிப் பாறை. சில்லுகளில் துருக்கறை தெரிந்தால் அங்கே தண்ணீர் நடமாடியிருக்கிறது. வெடிப்பில் நீர் இருந்தால் தூள் ஈரமாகிச் சேறாகத் தெறிக்கும்.

பாறை இல்லாத இடங்களில் களிமண்ணின் கதை வேறு. தன் கன அளவில் கிட்டத்தட்டப் பாதிக்கு நீரைப் பிடித்துக்கொள்ளும், ஆனால் கிணற்றுக்கு விடுவது சில சதவீதம்தான். மணலோ கால் பங்கு வரை தாராளமாக விட்டுவிடும். கஞ்சக் களிமண்ணுக்கு மூடியாக இருக்கும் வேலை நன்றாகத் தெரியும். நெய்வேலி நிலக்கரிச் சுரங்கத்தில் களிமண்ணும் பழுப்பு நிலக்கரியும் மேலே மூடிக் கிடக்க, அடியிலுள்ள மணல் அடுக்கில் தண்ணீர் சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ அழுத்தத்தில் அடைபட்டிருக்கிறது. குழாய்க் கிணறுகளால் ஓயாமல் இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால், சுரங்கத்தின் தரையையே பிளந்துகொண்டு நீர் மேலே வந்துவிடும்.

மறுபடி பாறைக்கு வருவோம். போர் போடும்போது இரண்டு கணக்கைக் குறித்துவையுங்கள்: மேல்மண் சரியாமல் தாங்கும் கேசிங் பைப் எத்தனை அடியில் நின்றது, ஈரம் எந்த அடியில் தட்டியது. கேசிங் கெட்டிப் பாறையைத் தொட்டதும் நின்றுவிடும். அது இருபது அடியிலேயே நின்றால் மேலே தேக்கும் அடுக்கு மெல்லியது, மழைக்குச் சீக்கிரம் நிறைந்து கோடையில் சீக்கிரம் வற்றும். அப்படிப்பட்ட தோட்டத்தில் இன்னும் ஐந்நூறு அடி இறக்கச் செலவழிக்கும் முன், அந்தப் பணத்தில் ஒரு பண்ணைக்குட்டை வெட்டலாமா என்று யோசிப்பது புத்திசாலித்தனம்.