உடைத்து ஒட்டிய அழகு

ஒரு செம்பின் மேல் காகிதத்தைச் சுருக்கம் விழாமல் ஒட்டிப் பாருங்கள். முடியாது. எங்கேயாவது மடியும், இல்லையென்றால் கிழியும். எல்லாத் திசையிலும் வளைகிற பரப்பில் தட்டையான தாள் படியாது என்பதற்கான கணித நிரூபணத்தை 1827-இல் ஜெர்மானியர் காஸ் தந்தார். பார்சிலோனாவில் கட்டடக் கலைஞர் அந்தோனி கௌடிக்கும் இதே சிக்கல். அவர் கட்டிய கூரையும் புகைபோக்கியும் வளைந்து நெளிபவை. பதிக்க வேண்டிய பீங்கான் டைலோ தட்டை. அதற்கு அவர் எடுத்த வழி, டைலை உடைப்பது.

சில்லு சிறுக்கச் சிறுக்க, அது உட்காரும் இடம் ஏறக்குறையத் தட்டையாகிவிடுகிறது. மிச்ச வளைவு, சில்லுகளுக்கு நடுவிலுள்ள சாந்தில் மறைந்துபோகிறது. ட்ரென்காதீஸ் எனப்படும் இந்த வேலையைப் பார்க் குவெல் பூங்காவில் பாம்பாக நெளியும் நீண்ட இருக்கையில் காணலாம். அதன் வண்ணச் சேர்க்கையில் கௌடியைவிட, அவருடன் வேலை பார்த்த ஜுஜோலின் கைதான் அதிகம். இருக்கை சூழ்ந்த அந்தத் திடலும் வெறும் அலங்காரமில்லை. அங்கே பெய்யும் மழை வடிகட்டப்பட்டு, திடலைத் தாங்கும் தூண்களின் உள்வழியே இறங்கி, அடியிலுள்ள தொட்டியில் சேரும்.

கௌடி தனி ஆளாக முளைத்தவரல்ல. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் கட்டலோனியாவில் பஞ்சாலைப் பணம் புரண்டது. தாய்மொழிப் பற்றும் பொங்கியது. இரண்டும் சேர்ந்து வளர்த்த கலை இயக்கம் 'மொடர்னிஸ்மா'. 1888 உலகக் கண்காட்சிக்காக எழுப்பிய உணவகக் கட்டடத்தைப் பிறகு கைவினைப் பட்டறையாக்கி, பீங்கான், இரும்பு, கண்ணாடி வேலைகளுக்கு உயிர் கொடுத்தார் டொமெனெக் இ மொன்டனேர் என்ற கட்டடக் கலைஞர். அந்தக் கைவினைஞர்கள் இல்லாமல் கௌடியின் வீடுகளைக் கற்பனை செய்ய முடியாது. அவரே செம்புப் பாத்திரம் அடிப்பவரின் மகன். தட்டைத் தகடு அடிக்க அடிக்கக் குழிந்து பாத்திரமாவதைச் சிறுவயதிலேயே பார்த்து வளர்ந்தவர்.

கௌடியைக் கனவில் மிதந்த கிறுக்கர் என்று சொல்வோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. குவெல் குடியிருப்பின் தேவாலயத்துக்காக அவர் செய்த மாதிரியைப் பாருங்கள். கூரையிலிருந்து நூல்களைத் தொங்கவிட்டு, கட்டடத்தின் எந்தப் பகுதி எவ்வளவு கனக்குமோ அந்த விகிதத்தில் ஈயக் குண்டுப் பைகளை அவற்றில் கட்டினார். நூலுக்கு இழுவிசையை மட்டுமே தாங்கத் தெரியும், அழுத்தினால் துவண்டுவிடும். ஆகவே பாரத்துக்கு ஏற்ற வளைவை அது தானாகவே எடுத்துக்கொள்கிறது. அந்த உருவத்தைத் தலைகீழாக்கினால் இழுவிசை இருந்த இடமெல்லாம் அழுத்தமாகிவிடும். கல்லும் செங்கல்லும் அழுத்தத்தைத் தாங்குவதில் கெட்டி, இழுத்தால் விரிசல் விடும்; அவற்றுக்கு ஏற்ற வளைவு தயார். நூல் மாதிரியைப் படமெடுத்து, தலைகீழாகத் திருப்பி, அதன் மேல் கௌடி கட்டடத்தை வரைந்தார். கணினி இல்லாத காலத்தில் புவியீர்ப்பையே கணக்குப் போட வைத்தவர் அவர். தத்துவம் புதிதல்ல, பதினேழாம் நூற்றாண்டிலேயே ராபர்ட் ஹூக் சொன்னதுதான். ஆனால் ஒரு முழுக் கட்டடத்தையே நூலில் தொங்கவிட்டுப் பார்க்கும் பொறுமை யாருக்கு வரும்? அந்த மாதிரியோடு மட்டும் சுமார் பத்தாண்டுகள் மல்லுக்கட்டினார். 1914-இல் தேவாலய வேலை நின்றுபோனது. எழுந்து நிற்பது கீழ்த்தளம் மட்டுமே.

அலங்காரமும் அறிவியலும் அழகாகக் கைகோத்த இடம் காசா பட்லோ. 1877-இல் கட்டிய சாதாரண வீட்டை 1904 முதல் 1906 வரை அவர் மாற்றி அமைத்தார். அதன் நடுவே வெளிச்சத்துக்காக விட்ட முற்றம் ஒரு கிணறு போல இறங்குகிறது. சுவரெங்கும் நீல டைல்கள்: உச்சியில் அடர்நீலம், கீழே போகப்போக வெளிறி, அடியில் வெள்ளைக்குப் பக்கம். மேலே வெளிச்சம் கொட்டுகிறது. அடர்நிறம் அதில் ஒரு பங்கை உறிஞ்சிக்கொள்கிறது. கீழே வந்துசேருவது கொஞ்சம். வெளிர்நிறம் அதைத் திருப்பி அனுப்புகிறது. எந்த மாடியிலிருந்து பார்த்தாலும் சுவர் ஏறக்குறைய ஒரே நீலமாகத் தெரிகிறது. சன்னல்களும் இதே கணக்குதான்: மேலே சிறியவை, கீழே பெரியவை.

அந்த வீட்டுக்குப் போகிறவர்களில் பலர் பளபளக்கும் முகப்பைப் படமெடுத்த கையோடு திரும்பிவிடுகிறார்கள். நீங்கள் போனால், உள்ளே நுழைந்து முற்றத்தின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள்.