ஆய்விதழ்கள் ஊர் நூலகத்துக்கும் வரட்டும்

மாமல்லபுரம் கடற்கரையின் மண் அடுக்குகளை ஆராய்ந்தவர்கள், 2004 சுனாமிக்குப் பல நூற்றாண்டுகள் முன்பும் இந்தக் கரையில் கடல் பொங்கி உள்ளே வந்திருப்பதற்கான தடயங்களை 2006-ல் ‘கரன்ட் சயின்ஸ்’ இதழில் எழுதினார்கள். பெங்களூரிலிருந்து வரும் அந்த இதழின் கட்டுரைகளை இணையத்தில் யாரும் காசில்லாமல் படிக்கலாம். கல்பாக்கத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு கைபேசியிலேயே இறக்கிப் படித்துவிடலாம். அதே சுனாமியைப் பற்றி, அதே கரையைப் பற்றி வெளிநாட்டுப் பதிப்பகங்களின் இதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடினால் கதை வேறு. பலவற்றில் பத்து வரிச் சுருக்கம் மட்டும் தெரியும். முழுதாகப் படிக்க ஒரு கட்டுரைக்கு முப்பது, நாற்பது டாலர் கேட்கும். நம் பணத்தில் ஏறக்குறைய மூவாயிரம் ரூபாய். எந்தக் கரையின் மண்ணும் நீரும் மக்களும் ஆராயப்பட்டார்களோ, அந்தக் கரையில் வாழ்பவருக்கு அந்த ஆய்வின் முடிவு எட்டாது.

இந்தப் பூட்டு ஆளைப் பார்ப்பதில்லை, முகவரியைப் பார்க்கிறது. பல்கலைக்கழக நூலகம் ஓர் இதழுக்குச் சந்தா கட்டும்போது, தன் வளாகத்து இணைய முகவரிகளைப் பதிப்பகத்திடம் கொடுத்துவிடும். அந்த முகவரிகளிலிருந்து எந்தக் கணினி கேட்டாலும் கட்டுரை திறக்கும். விடுதி வைஃபையில் திறந்த கட்டுரை, அதே மாணவி பொங்கல் விடுமுறைக்கு ஊருக்கு வந்து வீட்டு இணைப்பில் தேடும்போது பணம் கேட்பது இதனால்தான். இதைச் சரிக்கட்ட 1999-ல் அமெரிக்காவில் ஒரு கல்லூரி நூலகர் ‘ஈசிப்ராக்ஸி’ என்ற மென்பொருளை எழுதினார். வெளியே இருப்பவரின் கோரிக்கையை நூலகத்தின் கணினி வழியாகத் திருப்பிவிட்டு, வளாகத்திலிருந்து வந்ததுபோல் ஆக்குவது அதன் வேலை. இந்தியாவில் காந்திநகரிலுள்ள இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ‘இன்ஃபெட்’ கூட்டமைப்பு வேறு வழியைக் கையாள்கிறது. பதிப்பகத்தின் பக்கத்தில் நிறுவனம் வழியாக நுழையும் இணைப்பைத் தட்டினால் ஒரு பட்டியல் வரும். அதில் தன் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தால், திரை அந்தப் பல்கலைக்கழகத்தின் சொந்த நுழைவுப் பக்கத்துக்கு மாறும். பயனர் பெயரும் கடவுச்சொல்லும் அங்கேதான் கேட்கப்படும். பதிப்பகத்தின் கண்ணில் அவை படுவதே இல்லை. ‘இவர் எங்கள் ஆள்தான்’ என்ற உறுதிமொழி மட்டும் திரும்பிப் போகும், கட்டுரை திறக்கும். வெளியூரில் தவிக்கும் ஆய்வு மாணவர்களில் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு வசதி இருப்பதே தெரியாது. தங்கள் நூலகரிடம் ஒருமுறை கேட்டாலே போதும்.

சேர்க்கை பெற்றவருக்கு வழி இருக்கிறது. சேர்க்கையே இல்லாதவருக்கு? 2024 நவம்பர் 25 அன்று மத்திய அமைச்சரவை ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டத்துக்கு ஒப்புதல் தந்தது. 2025, 2026, 2027 ஆகிய மூன்று ஆண்டுகளுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பன்னாட்டுப் பதிப்பகங்கள். ஏறக்குறைய 13,000 மின்னிதழ்கள். 6,300-க்கும் மேற்பட்ட நிறுவனங்களைச் சேர்ந்த சுமார் 1.8 கோடி மாணவர், ஆசிரியர், ஆய்வாளர்களுக்குப் பயன் என்று அறிவித்தார்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகமும் தனித்தனியாகப் பேரம் பேசித் தோற்றுக்கொண்டிருந்த நிலையை மாற்றி, நாடு முழுவதற்கும் சேர்த்துப் பேசியது நல்ல வேலை. சிறிய ஊர்களின் அரசுக் கல்லூரி மாணவர்களுக்கு ஐ.ஐ.டி. மாணவர்கள் பார்க்கும் அதே இதழ்கள் கிடைப்பது சின்ன விஷயமல்ல. கணக்குப் போட்டால் தலைக்கு ஆண்டுக்கு ஏறக்குறைய ஆயிரத்து நூறு ரூபாய்தான் வருகிறது. ஆனால் திட்டத்தின் வரம்பைப் பாருங்கள்: மத்திய, மாநில அரசுகளின் நிர்வாகத்திலுள்ள உயர்கல்வி நிறுவனங்கள், மத்திய அரசின் ஆய்வு நிறுவனங்கள். அவ்வளவுதான். கல்பாக்கத்தில் 1971-ல் தொடங்கப்பட்ட இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையம் போன்ற நிறுவனம் இந்த வகைக்குள் வரும். அதன் நகரியத்தை ஒட்டிய புதுப்பட்டினத்தில் வாழும் பள்ளி ஆசிரியரும், கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் பழைய மகாபலிபுரம் சாலையிலும் வரிசையாக நிற்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்குப் போய்வரும் மாணவர்களும் வெளியே நிற்கிறார்கள்.

அடுத்த ஒப்பந்தத்தில் பொது நூலகங்களையும் சேர்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் கோரிக்கை. குறைந்தது மாவட்ட மைய நூலகங்கள், கன்னிமாரா, அண்ணா நூற்றாண்டு நூலகம், மதுரைக் கலைஞர் நூற்றாண்டு நூலகம் ஆகியவற்றிலாவது, உள்ளே வந்து உட்காரும் எவரும் அங்குள்ள கணினியில் இந்த இதழ்களைப் படிக்க வழி வேண்டும். இதை இரந்து கேட்க வேண்டியதில்லை. சுதந்திர இந்தியாவில் முதல் பொது நூலகச் சட்டம் 1948-ல் சென்னை மாகாணத்தில்தான் வந்தது. அதற்காகப் பல ஆண்டுகள் பாடுபட்ட எஸ்.ஆர். ரங்கநாதன், 1924-ல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் நூலகர் ஆனவர். பூட்டிய அலமாரிகளை எதிர்த்து, வாசகர் தாமே கைநீட்டிப் புத்தகத்தை எடுக்கும் முறைக்காக அவர் வாதாடியது ஒரு பல்கலைக்கழக நூலகத்திலிருந்துதான். அந்தச் சட்டத்தின்படி வீட்டு வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. உங்கள் வீட்டு வரி ரசீதை எடுத்துப் பார்த்தால் தெரியும். ஆக, புதுப்பட்டினத்துக்காரர் நூலகத்துக்கென்றே ஒரு வரி கட்டுகிறார். 6,000 கோடி ரூபாயிலும் அவர் கட்டும் வரி இருக்கிறது. அரசு நிறுவன ஆய்வாளரின் சம்பளத்திலும் இருக்கிறது. அந்த ஆய்வாளர் எழுதியதைப் படிக்க மட்டும் அவர் நான்காவது முறையாகப் பணம் கட்ட வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் நியாயமில்லை.

நடக்காததைக் கேட்கிறோம் என்று யாரும் சொல்ல முடியாது. பிரிட்டனில் 2014-ல் ‘அக்சஸ் டு ரிசர்ச்’ என்ற ஏற்பாட்டைத் தொடங்கினார்கள். பதிப்பகங்களே முன்வந்து, தங்கள் இதழ்களைப் பொது நூலகக் கணினிகளில் பொதுமக்கள் இலவசமாகப் படிக்க அனுமதி தந்தன. நூலகத்துக்கு நேரில் வர வேண்டும், வீட்டிலிருந்து முடியாது. ஊர் நூலகத்தில் உட்கார்ந்து முழுக் கட்டுரையையும் படிக்க முடிந்தது. இதற்கும் மேலாக, பல்கலைக்கழகங்கள் பதிப்பகங்களோடு போடும் உரிம ஒப்பந்தங்கள் பலவற்றில், நூலகத்துக்குள் நேரில் வந்து அமரும் வெளியாளும் பயன்படுத்தலாம் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. வெளியாளை வளாக வாசலிலேயே நிறுத்திவிடும் வழக்கத்தால் அது ஏட்டில் தூங்குகிறது. பல்கலைக்கழக நூலகர்கள் தங்கள் ஒப்பந்தங்களை எடுத்துப் படித்து, அந்த உரிமை இருக்குமிடத்தில் அதை அறிவிப்புப் பலகையில் எழுதிப்போட வேண்டும்.

பதிப்பகங்கள் நட்டப்படாதா என்பது முதல் கேள்வி. இதழ் நடத்தச் செலவு உண்டு. தொகுப்பும் கணினிப் பராமரிப்பும் சும்மா வருவதில்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரை எழுதியவருக்கும் அதை மதிப்பிட்ட சக ஆய்வாளருக்கும் பதிப்பகம் பொதுவாகக் காசு கொடுப்பதில்லை. தவிர, தன் கையிலிருந்து மூவாயிரம் ரூபாய் கொடுத்து ஒரு கட்டுரை வாங்கும் புதுப்பட்டினத்துக்காரர் யார் இருக்கப்போகிறார்? இல்லாத வாடிக்கையாளரை யாரும் இழப்பதில்லை. திருட்டு நடக்கும் என்பது அடுத்த அச்சம், இதில் உண்மை இருக்கிறது. 2018 மார்ச்சில் அமெரிக்க நீதித்துறை ஒன்பது ஈரானியர்கள்மீது குற்றம் சாட்டியது. பல்கலைக்கழக நுழைவுப் பக்கத்தைப் போலவே போலிப் பக்கம் தயாரித்து, பேராசிரியர்களின் கடவுச்சொற்களைப் பறித்து, அமெரிக்காவில் 144, பிற நாடுகளில் 176 என்று பல்கலைக்கழகங்களுக்குள் புகுந்து 31 டெராபைட்டுக்கும் மேல் தரவுகளை எடுத்தார்கள் என்பது குற்றச்சாட்டு. நம் ஊரிலும் கடவுச்சொல்லை நண்பருக்குக் கொடுப்பது சகஜம். ஒரே இரவில் ஆயிரக்கணக்கில் யாராவது இறக்கினால், பதிப்பகம் அந்த வளாகம் முழுவதற்கும் இணைப்பைத் துண்டித்துவிடும், தண்டனை எல்லோருக்கும். ஆனால் நூலகத்துக்குள் நேரில் படிக்கும் முறையில் கடவுச்சொல்லே வாசகர் கைக்குப் போவதில்லை. நூலகர் கண் முன்னால் இருக்கும் கணினியில் இறக்கும் அளவுக்கு வரம்பு வைப்பதும் எளிது. திருட்டைக் காட்டி இந்த வழியை மறுக்க முடியாது.

இதையெல்லாம் யார் படிக்கப்போகிறார்கள் என்று கேட்பவர்களும் உண்டு. அணுமின் நிலையத்தின் பக்கத்தில் வாழ்பவருக்குக் கதிர்வீச்சு அளவீடுகளைப் படிக்கக் காரணம் இருக்கிறது. கரை அரிப்பால் படகு நிறுத்த இடமில்லாமல் போகும் மீனவக் குடும்பத்தில் பட்டம் படித்த பிள்ளை இருக்கிறது. குழந்தைக்கு அரிய நோய் என்று கேள்விப்பட்ட தாய்க்கு, மருத்துவர் சொன்னதைச் சரிபார்க்கும் உரிமை இருக்கிறது. ஆங்கிலம் தடைதான். ஆனால் அந்த ஊரில் அதைப் படித்துத் தமிழில் எடுத்துச் சொல்ல ஓர் ஆசிரியர், ஒரு செவிலியர், ஒரு பத்திரிகையாளர் போதும். அவர் கையில் முதலில் கட்டுரை வர வேண்டும்.

காசு கேட்கும் கட்டுரைகளை அனுமதியில்லாமல் இலவசமாகத் தரும் சை-ஹப் இருக்கிறதே என்பார்கள். 2011 முதல் இயங்கும் அந்தத் தளத்தின்மீது மூன்று பதிப்பகங்கள் 2020 டிசம்பரில் டெல்லி உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தன. 2025 ஆகஸ்டில் அதை முடக்க நீதிமன்றம் உத்தரவிட்டது. ஒரு நாட்டின் வாசிப்பு ஒரு திருட்டுத் தளத்தின் ஆயுளை நம்பி இருக்கக் கூடாது. சட்டப்படி இப்போதே திறந்திருப்பவற்றைப் பயன்படுத்தலாம். இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் ‘சோத்கங்கா’ தளத்தில் இலவசம். மருத்துவத்துக்கு ‘பப்மெட் சென்ட்ரல்’ இருக்கிறது. பழந்தமிழ் நூல்களுக்கும் இதழ்களுக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கட்டுரை ஆசிரியருக்கே மின்னஞ்சல் எழுதிக் கேட்டால் பலர் மகிழ்ச்சியோடு அனுப்பிவைப்பார்கள். இவை பாதி வழிதான்.

இப்போதைய நிதி ஒதுக்கீடு 2027 டிசம்பர் வரைதான். அதற்குமுன் அடுத்த பேச்சுவார்த்தை நடந்தாக வேண்டும். பொது நூலகங்களில் நேரில் வந்து படிக்கும் உரிமையையும் அதில் ஒரு விதியாகச் சேர்க்கும்படி தமிழக அரசின் பொது நூலகத் துறை இப்போதே மத்திய கல்வி அமைச்சகத்துக்கு எழுத வேண்டும். நூலக வரி கட்டும் ஒவ்வொருவரும் தம் சட்டமன்ற உறுப்பினரிடமும் நாடாளுமன்ற உறுப்பினரிடமும் இதைக் கேளுங்கள். உங்கள் ஊர் நூலகத்துக்குப் போய், எந்த ஆய்விதழ் வேண்டும் என்று எழுதிக்கொடுத்துவிட்டு வாருங்கள்.