தேனீ வளர்ப்புக்குப் பொருத்தமான இடமும் மாறிவரும் காலநிலையும்

மாணவர்களே, தேனீ வளர்ப்புக்குப் பொருத்தமான இடத்தின் இயல்புகள் யாவை எனக் கேட்டால், "பூக்கள், நீர், நிழல்" என மூன்று சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் செல்பவர்கள் பலர். இவ்விடை பிழையன்று, ஆனால் முழுமையானதுமன்று. பூக்கள் எந்த மாதத்தில் இருக்க வேண்டும்? எவ்வளவு தூரத்துக்குள் இருக்க வேண்டும்? மழை ஒரு மாதம் பிந்தினால் என்ன நேரும்? இவற்றுக்கு விடை தெரிந்தவரே இடத்தைச் சரியாகத் தெரிவுசெய்ய முடியும். பரீட்சையில் மட்டுமல்ல, நாளை உங்கள் வீட்டு வளவில் ஒரு தேனீப் பெட்டியை வைக்கும்போதும் இது உதவும்.

1. எமது தேனீயின் இயல்பு

இலங்கையில் பெட்டிகளில் வளர்க்கப்படுவது ஏபிஸ் செரானா என்னும் தேனீ இனமாகும். உணவு குறைந்தாலோ, வெப்பம் மிகுந்தாலோ, எறும்பு போன்ற எதிரிகளின் தொல்லை அதிகரித்தாலோ இத்தேனீக் கூட்டம் பெட்டியை முற்றாகக் கைவிட்டுச் சென்றுவிடும். எனவே பிழையான இடத்தைத் தெரிவுசெய்தவருக்குத் தேன் குறைவது மட்டுமன்றித் தேனீக்களே இல்லாமற் போகும்.

இத்தேனீக்கள் பெரும்பாலும் பெட்டியிலிருந்து ஏறத்தாழ 1 கிலோமீற்றர் தூரத்துக்குள்ளேயே உணவு தேடுகின்றன. 1 கிலோமீற்றர் ஆரையுடைய வட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 314 ஹெக்டேயர். ஆகவே இடம் என்பது பெட்டி நிற்கும் மூலை மட்டுமன்று. அதைச் சூழவுள்ள இவ்வட்டம் முழுவதுமே என்பதை மனதிற் கொள்ளுங்கள்.

2. தேன் தரும் இடமும் தேனீ வாழும் இடமும்

தேனீக்களுக்கு இருவகை உணவு தேவை. அமுதம் சக்தியை அளிக்கிறது. அதுவே தேனாக மாறுகிறது. மகரந்தம் புரதத்தை அளிக்கிறது. குடம்பிகளை வளர்ப்பதற்கு அது இன்றியமையாதது. அமுதம் மிகுதியாகக் கிடைக்கும் இடத்தில் ஆண்டு முழுவதும் மகரந்தம் கிடைக்கும் என்று கூற முடியாது.

ஊவாவிலுள்ள பண்டாரவளைப் பகுதி யூக்கலிப்டஸ் தேனுக்குப் பெயர்பெற்றது. விவசாயத் திணைக்களத்தின் தேனீ வளர்ப்பு அபிவிருத்தி நிலையமும் அங்குள்ள பிந்துனுவெவயிலேயே அமைந்துள்ளது. களுத்துறை, கேகாலை போன்ற மாவட்டங்களிலுள்ள இறப்பர்த் தோட்டங்கள் இன்னொரு வகையின. இறப்பர் மரம் ஆண்டின் தொடக்கத்தில் இலையுதிர்த்துத் துளிர்க்கும்போது, இளம் இலைக்காம்பிலுள்ள சுரப்பிகளிலிருந்து அமுதம் சுரக்கும். ஆனால் அச்சில வாரங்கள் கழிந்தபின் அம்மரத்திலிருந்து கிடைப்பது சொற்பமே. தென்னையோ பெருந்தொகையாகத் தேன் தராவிடினும், ஆண்டு முழுவதும் பாளை விடுவதால் இடைவிடாது மகரந்தத்தை அளிக்கிறது. முன்னையவை தேன் தரும் இடங்கள். தென்னஞ்சோலையோ தேனீ வாழும் இடம். இதனாலேயே சில வளர்ப்பாளர்கள் பருவத்துக்கேற்பப் பெட்டிகளை இடம் மாற்றுகின்றனர்.

3. காலநிலை மாற்றம் எங்கே தாக்குகிறது?

முட்டையிலிருந்து வேலையாள் தேனீ வெளிவர ஏறத்தாழ 20 நாட்கள் செல்லும். வெளிவந்த பின்னரும் அது முதல் இரண்டு மூன்று வாரங்கள் கூட்டினுள்ளேயே பணிபுரியும். எனவே பூக்காலத்தில் உணவு சேகரிக்க வேண்டிய தேனீக்களுக்கான முட்டைகள் அதற்கு 5 – 6 வாரங்களுக்கு முன்னரே இடப்பட்டிருக்க வேண்டும். மழை பிந்திப் பூக்காலம் தள்ளிப்போனால், பெருகிய கூட்டம் உணவின்றித் தவிக்கும். பூக்காலம் முந்தினால், பூக்கள் நிறைந்திருக்கும். சேகரிக்கத் தேனீக்கள் போதா.

வரட்சியில் அமுதச் சுரப்புக் குறைகிறது. குடம்பிகள் வளரும் பகுதி ஏறத்தாழ 33 – 35 பாகை செல்சியசில் பேணப்பட வேண்டும். வெளியே வெப்பம் மிகும்போது தேனீக்கள் உணவு தேடுவதை விட்டு நீரைக் கொண்டுவந்து, சிறகசைத்துக் கூட்டைக் குளிரச் செய்கின்றன. தொடர்மழையின்போது தேனீக்கள் வெளியே செல்வதில்லை, அமுதமும் கழுவப்பட்டுவிடும்.

2016 ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் 2017 வரை உலர்வலயம் கடும் வரட்சிக்கு உள்ளானது. அதே 2017 மே மாதத்தில் களுத்துறை, இரத்தினபுரி, காலி, மாத்தறை மாவட்டங்கள் பெருவெள்ளத்தில் மூழ்கின. சிறிய நாடொன்றில் சில மாதங்களுக்குள் இரு எதிர்நிலைகள்! ஆகவே "ஈரவலயம் நல்லது, உலர்வலயம் கூடாது" எனப் படத்தைப் பார்த்து மட்டும் தீர்மானிக்க இயலாது.

4. இடத்தைத் தெரிவுசெய்யும் படிமுறை

(அ) பூ நாட்காட்டி: தை முதல் மார்கழி வரை பன்னிரண்டு மாதங்களையும் எழுதி, அவ்வட்டத்தினுள் எம்மாதத்தில் எது பூக்கிறது எனக் குறியுங்கள். யாழ்ப்பாணத்தில் சித்திரையை அண்டி வேம்பு பூக்கும். தென்னை, முருங்கை, தோட்டப் பயிர்கள் இடைவெளிகளை நிரப்பும். வெறுமையாகவுள்ள மாதமே ஆபத்தான மாதம். சென்ற ஆண்டின் நாட்காட்டி இவ்வாண்டுக்கு அப்படியே பொருந்தாது, ஆண்டுதோறும் திருத்துங்கள்.

(ஆ) பல்லினத் தாவரங்கள்: ஒரே பயிரை நம்பிய இடத்தைவிடப் பலவகை மரங்களுள்ள வீட்டுத்தோட்டம் பாதுகாப்பானது. ஒன்று பூக்கத் தவறினாலும் மற்றொன்று கைகொடுக்கும்.

(இ) நீர்: வரட்சியிலும் வற்றாத நீர்நிலை அருகில் இருத்தல் நன்று. இல்லையேல் சிறு கற்கள் இட்ட ஆழமற்ற பாத்திரத்தில் நீர் வைக்கலாம்.

(ஈ) நிழலும் காற்றும்: காலை வெயிலும் நண்பகல் நிழலும் வேண்டும். வாசல் சோளகம், வாடை, கச்சான் ஆகிய காற்றுகளை நேரே எதிர்கொள்ளலாகாது.

(உ) நிலம்: வெள்ளம் தேங்காத மேட்டுநிலமாக இருத்தல் வேண்டும். பெட்டியைத் தாங்கியின் மீது வைத்து, எறும்பு ஏறாதவாறு கால்களை நீர்க்கிண்ணங்களில் நிறுத்த வேண்டும்.

(ஊ) பீடைநாசினி: மிளகாய், வெங்காயம் போன்ற பயிர்களுக்கு மருந்து தெளிக்கப்படும் தோட்டங்களிலிருந்து விலகியிருத்தல் வேண்டும். அயலவருடன் பேசி, தேனீக்கள் கூடு திரும்பிய மாலை வேளையில் தெளிக்கச் செய்யலாம்.

5. விடை எழுதும்போது

ஒவ்வொரு காரணியையும் "காரணி – காரணம் – விளைவு" என்ற ஒழுங்கில் எழுதிப் பழகுங்கள். உதாரணம்: "பல்வேறு மாதங்களில் பூக்கும் தாவரங்கள் இருத்தல் வேண்டும் (காரணி). மழை தவறி ஓரினம் பூக்காவிடினும் வேறோர் இனத்திலிருந்து உணவு கிடைக்கும் (காரணம்). இதனால் தேனீக் கூட்டம் பெட்டியைக் கைவிட்டுச் செல்வது தவிர்க்கப்படும் (விளைவு)."

நினைவிற் கொள்க: பூக்கள் நிறைந்த ஒரு மாதத்தைப் பார்த்து இடத்தைத் தெரிவுசெய்யாதீர்கள், பூக்கள் மிகக் குறைந்த மாதத்தைப் பார்த்துத் தெரிவுசெய்யுங்கள்.

பயிற்சி: உங்கள் வீட்டிலிருந்து 1 கிலோமீற்றர் தூரத்துக்குள் உள்ள தாவரங்களைக் கொண்டு பூ நாட்காட்டி ஒன்றைத் தயாரித்து, உணவு மிகக் குறைந்த மாதத்தை இனங்காண்க. அம்மாதத்தில் பூக்கக்கூடிய இரண்டு தாவரங்களை நடுவதற்குப் பரிந்துரைக்க.