வாகனம் அதிர்ந்தால் டயரை மட்டும் குற்றம் சொல்லாதீர்கள்

2020 மார்ச் மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதிலிருந்து நமது நாட்டில் பழைய வாகனங்களின் விலை வெகுவாக உயர்ந்தது. 2025 பெப்ரவரியில் இறக்குமதிக்கு மீண்டும் கதவு திறக்கப்பட்ட போதிலும், வரியோடு சேர்ந்த விலை சிறு வியாபாரியின் கைக்கு எட்டுவதாக இல்லை. எனவே மன்னாரில் மீன், கருவாடு, ஐஸ், மரக்கறி என்று எதை ஏற்றி இறக்கினாலும், நம்மில் பலர் இருபது வருடத்துக்கு மேல் ஓடிய வாகனங்களையே நம்பி இருக்கிறோம். டொல்பின் என்று நாம் அழைக்கும் டொயோட்டா ஹயஸ், இசுசு எல்ஃப், மிட்சுபிஷி கன்டர் என்பன இவற்றில் முக்கியமானவை.

இந்த வாகனங்களுக்கு அடிக்கடி வருகின்ற, ஆனால் பெரும்பாலும் தவறாக வைத்தியம் பார்க்கப்படுகின்ற ஒரு நோய் அதிர்வு. "முதலாளி, டயரை மாத்திப் பார்ப்பம்" என்பார் பாஸ். மாற்றிய பின்னும் அதிர்வு நிற்காது. பிறகு ஷொக் அப்சோபர், அதன் பிறகு எஞ்சின் மவுன்டிங். இப்படி ஒவ்வொன்றாக மாற்றி, உண்மையான காரணத்தைத் தொடும் போது கைக்காசு முடிந்திருக்கும். அந்தக் காரணம் பல வேளைகளில் புரொப்பெலர் சாஃப்டில் இருக்கிறது.

கியர் பொக்ஸிலிருந்து பின் டிபரன்ஷியலுக்குச் சுழற்சியைக் கொண்டு செல்லும் நீண்ட இரும்புக் குழாய்தான் புரொப்பெலர் சாஃப்ட். பள்ளத்தில் விழுந்து எழும் போது பின் அச்சு மேலும் கீழும் ஆடும். கியர் பொக்ஸோ சட்டத்தோடு பொருத்தப்பட்டிருக்கிறது. அதனால்தான் சாஃப்டின் இரு முனைகளிலும் மடங்கிக் கொடுக்கும் ஜொயின்ட் குறோஸ்கள் இருக்கின்றன. நீளமான வாகனங்களில் சாஃப்ட் இரண்டு துண்டாக இருக்கும். நடுவில் ரப்பரில் பதித்த சென்டர் பெயாரிங் அதைத் தாங்கி நிற்கும்.

கோணத்தின் கணக்கு

ஜொயின்ட் குறோஸுக்கு ஒரு குணம் உண்டு. நேர்கோட்டில் சுழலும் வரை பிரச்சினை இல்லை. மடங்கிய நிலையில் சுழலும் போது, ஒரு பக்கம் ஒரே சீராகச் சுற்றினாலும் மறுபக்கம் ஒரு சுற்றுக்குள் இரண்டு தடவை வேகம் கூடிக் குறையும். மடிப்பு 3 பாகை என்றால், நிமிடத்துக்கு 2000 சுற்று ஓடும் சாஃப்டில் இந்த ஏற்ற இறக்கம் 3 சுற்றுக்கும் குறைவு. 10 பாகை என்றால் 1970க்கும் 2031க்கும் இடையில் அது இழுபடும்.

இந்த ஏற்ற இறக்கத்தை முன் ஜொயின்ட் உண்டாக்க, பின் ஜொயின்ட் எதிர்மாறாகச் செய்து அழித்து விடுகிறது. அதற்கு இரண்டு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, சாஃப்டின் இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் இருக்க வேண்டும். மற்றது, முன் மடிப்பும் பின் மடிப்பும் சமமாக இருக்க வேண்டும். இரண்டுக்கும் இடையில் 1 பாகைக்கு மேல் வித்தியாசம் வராமலும், ஒவ்வொரு மடிப்பும் 3 பாகைக்குள்ளும் இருப்பது நல்லது.

உதாரணமாக கியர் பொக்ஸ் பின்புறம் நோக்கி 4 பாகை சரிந்திருக்கிறது, சாஃப்ட் 6 பாகை சரிந்திருக்கிறது, டிபரன்ஷியலின் சுழல் கோடு 4 பாகை என்று வைத்துக் கொள்வோம். முன்னால் 2, பின்னால் 2. கணக்குச் சரி. டிபரன்ஷியல் 1 பாகைக்குத் திரும்பி விட்டால் பின் மடிப்பு 5 ஆகிவிடும். அப்போது எந்த டயரை மாற்றினாலும் வாகனம் அதிரத்தான் செய்யும்.

டிபரன்ஷியல் ஏன் திரும்புகிறது? அதிக பாரம் ஏற்றுவதற்காக நாம் ஸ்பிரிங்கில் மேலதிகப் பட்டை போடுகிறோம். அச்சுக்கும் ஸ்பிரிங்குக்கும் இடையில் கட்டை வைக்கிறோம். பட்டையின் நடு பொல்ட் உடைந்தும் அச்சு நகர்ந்து விடும். கியர் பொக்ஸ் மவுன்டிங் இறங்கி விட்டால் முன் கோணமும் கெட்டுவிடும்.

நமது கரையோரத்தின் விசேட எதிரி

பேசாலை, தலைமன்னார், வங்காலை, சிலாவத்துறை கரைகளில் வாடி வரை மணலில் இறங்கி மீன் ஏற்றுகிறோம். ஐஸ் கரைந்த உப்புநீர் தட்டின் இடுக்கால் வடிந்து கீழே உள்ள ஜொயின்ட்டிலும் சென்டர் பெயாரிங்கிலும் விழுகிறது. உப்புக் காற்றும் மணலும் கூடவே சேர்கின்றன. கிறீஸ் காய்ந்து, குறோஸின் தொப்பிகளுக்குள் இருக்கும் ஊசி பெயாரிங்குகள் துருப்பிடித்துத் தேய்கின்றன. தொப்பியைச் சுற்றிச் செந்நிறத் தூள் படிந்திருந்தால் அந்த குறோஸின் ஆயுள் முடிந்து விட்டது என்பதே பொருள்.

நோயைக் கண்டறிவது எப்படி?

முதலில் வாகனத்தை நிறுத்தி வைத்து எஞ்சினை மட்டும் உயர்த்திப் பாருங்கள். அதிர்ந்தால் எஞ்சின் பக்கமே தேட வேண்டும். அதிரவில்லை என்றால் வீதிக்கு எடுங்கள். தள்ளாடியைத் தாண்டி மதவாச்சி வீதியில் நெரிசல் இல்லாத நேரம் பார்த்து, அதிர்வு தொடங்கும் வேகத்தைக் குறித்துக் கொள்ளுங்கள். அதே வேகத்தில் ஒரு கியர் குறைத்து ஓட்டுங்கள். எஞ்சின் சுற்று மாறியும் அதே வேகத்தில் அதே அதிர்வு வந்தால் அது எஞ்சினோ கிளச்சோ அல்ல. சக்கரமோ சாஃப்டோதான்.

இவ்விரண்டையும் பிரித்தறிய அதிர்வின் வேகமே போதும். மணிக்கு 60 கிலோமீற்றரில் ஒரு ஹயஸ் வேனின் சக்கரம் வினாடிக்கு ஏறக்குறைய 8 தடவை சுற்றும். சாஃப்ட் அதைப் போல் நான்கு மடங்கு, அதாவது 32 தடவையளவில் சுற்றும். டயர், ரிம் கோளாறு என்றால் உடம்பைக் குலுக்கும் மெதுவான ஆட்டமாக இருக்கும். முன் சக்கரம் என்றால் ஸ்டியரிங்கில் தெரியும். சாஃப்ட் கோளாறு ஆசனத்திலும் தரையிலும் இரைச்சலோடு கூடிய சிறு நடுக்கமாகத் தெரியும்.

வேகம் கூடக்கூட நடுக்கமும் பலமடங்கு கூடினால் சாஃப்டின் பெலன்ஸ் கெட்டிருக்கலாம். வேகம் இரட்டித்தால் பெலன்ஸ் கெட்ட சாஃப்டின் உதறல் விசை நான்கு மடங்காகும். பாரத்தோடு புறப்படும் போது மட்டும் நடுங்கினால் சென்டர் பெயாரிங் ரப்பரையும் கோணத்தையும் பாருங்கள். கியர் போட்டுக் கிளச்சை விடும்போது "டக்" என்று கேட்டால் பெரும்பாலும் ஜொயின்ட் குறோஸ்.

அடியில் நுழையும் முன்

சமதரையில் நிறுத்தி, சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைக்காமல் எவரும் கீழே போகக் கூடாது. ஜாக்கியை மட்டும் நம்பக் கூடாது, ஸ்டாண்ட் வைக்க வேண்டும். இன்னொன்றையும் சாரதிமார் அறிந்திருக்க வேண்டும். சில லொறிகளில் ஹேண்ட் பிரேக், கியர் பொக்ஸின் பின்புறத்தில் சாஃப்டையே பிடிக்கிறது. சாஃப்டைக் கழற்றியதும் ஹேண்ட் பிரேக்கும் இல்லை, கியரில் விட்டாலும் நிற்காது. வாகனம் உருண்டு விடும்.

திருத்தும் ஒழுங்கு

மலிவானதிலிருந்து ஆரம்பியுங்கள். குழாயில் ஒட்டிய சேறையும் தாரையும் சுரண்டி எடுங்கள். நெளிவு இருக்கிறதா, ஒட்டியிருந்த பெலன்ஸ் தகடு விழுந்து வெல்டிங் தழும்பு மட்டும் இருக்கிறதா என்று பாருங்கள். சாஃப்டைக் கையால் பிடித்து முறுக்கி, மேலும் கீழும் அசைத்து ஜொயின்ட்டில் லூஸ் உள்ளதா என்று பாருங்கள்.

கழற்றுவதற்கு முன் ஒவ்வொரு இணைப்பிலும் இரு பக்கமும் சேர்த்து பெயின்ட் கோடு போடுங்கள். கோடு மாறிப் பூட்டினால் கவைகளின் தளமும் பெலன்ஸும் தவறி, இல்லாத நோய் வந்து சேரும். சென்டர் பெயாரிங்குக்கு மேல் கம்பனி வைத்த வாஷர்களை எறிந்து விடாதீர்கள். அதன் உயரத்தை ஒழுங்குபடுத்துபவை அவை. இரண்டு துண்டு சாஃப்டில் கோணக் கணக்கும் சற்று வேறு. அதற்குக் கம்பனி கொடுத்த அளவையே பின்பற்ற வேண்டும்.

குறோஸைச் சுத்தியலால் அடித்து ஏற்ற விடாதீர்கள். ஊசி ஒன்று சாய்ந்தாலே புதியதும் பழையதாகி விடும். பிரஸ்ஸில் ஏற்றச் சொல்லுங்கள். கோணத்தை அளக்கும் போது வாகனம் தன் சக்கரங்களில், வழமையான பாரத்தோடு நிற்க வேண்டும். ஜாக்கியில் தொங்கும் போது எடுக்கும் அளவு பயன்படாது. கோணமானி இல்லாவிட்டால் கைத்தொலைபேசியில் உள்ள சரிவு மானி ஓரளவுக்கு உதவும். டிபரன்ஷியல் திரும்பியிருந்தால் ஸ்பிரிங்குக்கும் அச்சுக்கும் இடையில் ஆப்பு வடிவத் தகடு வைத்துத் திருத்தலாம். இவை எல்லாம் சரியாக இருந்தும் அதிர்ந்தால் மட்டும் சாஃப்டை மெஷினில் பெலன்ஸ் பார்க்கக் கொடுங்கள்.

இதை அலட்சியம் செய்வதால் வரும் நட்டம் குறோஸோடு நிற்பதில்லை. கியர் பொக்ஸின் பின் ஒயில் சீல் கசியும், டிபரன்ஷியல் பெயாரிங் தேயும். முன் ஜொயின்ட் ஓட்டத்திலேயே கழன்றால் சாஃப்ட் வீதியில் குத்தி வாகனத்தையே தூக்கி எறியக் கூடும். அது நடக்காமல் நடுக்காட்டில் நின்று விட்டால் கூட, பேலியகொடை சந்தைக்கு விடியுமுன் சேர வேண்டிய மீனுக்கு விலை கிடையாது.

மீன் ஏற்றும் வாகனமென்றால் ஒவ்வொரு ஓட்டத்துக்குப் பிறகும் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவச் சொல்லுங்கள். கிறீஸ் நிப்பிள் உள்ள குறோஸுக்கு, நான்கு தொப்பிகளிலும் புதுக் கிறீஸ் பிதுங்கி வரும்வரை அடிக்க வேண்டும். ஒரு தொப்பியில் வரவில்லை என்றால் அந்தத் தொப்பிதான் அடுத்ததாக உடையப் போவது. தட்டிலிருந்து வடியும் உப்புநீருக்கு ஒரு குழாய் வைத்து, சாஃப்டை விட்டு விலக்கிப் பக்கவாட்டில் இறக்கி விடுங்கள். அந்தக் குழாய்க்கு ஆகும் செலவு ஒரு குறோஸின் விலைக்குக் கூட வராது.