கோபுரம் கட்டுமுன் ஒரு கணக்கு



கோபுரம் கட்ட நினைப்பவர் முதலில் உட்கார்ந்து செலவைக் கணக்குப் பார்ப்பார் என்கிறார் ஆண்டவர் இயேசு (லூக்கா 14:28). மண்டபம், சமையல், ஜவுளி, நகை எல்லாவற்றுக்கும் நாம் கணக்குப் பார்க்கிறோம். இந்த ஏற்பாடுகளிலேயே களைத்துப்போய் மணமக்கள் பீடத்துக்கு வருகிறார்கள் என்று திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் 'அன்பின் மகிழ்வு' மடலில் வருந்தினார். நம் குன்னூரிலும் அதே கதைதான்.

திருமணத் தயாரிப்புப் பயிற்சிக்குப் பிள்ளைகள் முகத்தைச் சுளித்துக்கொண்டுதான் வருகிறார்கள். நியாயம்தான். கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் லீவு என்றால் ஒரு நாள் கூலி போச்சு. மாப்பிள்ளை திருப்பூரிலிருந்து மலையேறி வர வேண்டும். "சர்ட்டிபிகேட்டை மட்டும் கொடுத்துடுங்க சாமி" என்று கேட்ட பெற்றோரும் உண்டு.

அப்படி வந்த ஒரு ஜோடியைப் பற்றி, அவர்கள் அனுமதியோடு சொல்கிறோம். மாத வரவு செலவைத் தனித்தனியே எழுதச் சொன்னோம். பெண் அரிசி, வாடகை, கேஸ் என்று எழுதினார். மாப்பிள்ளையின் தாளில் 'வட்டி' என்று ஒரு வரி. தங்கை கல்யாணத்துக்கு வாங்கிய கடன். பெண் வீட்டுக்குத் தெரியாது. அந்தப் பெண் அழுதுவிட்டார். கல்யாணம் நான்கு மாதம் தள்ளிப்போனது. பத்திரிகை அடித்தாகிவிட்டதே என்று பெரியவர்களுக்கு எங்கள்மேல் ஒரே கோபம். பிறகு குழந்தையின் திருமுழுக்குக்கு வந்தபோது அவர் சொன்னார்: "கடன்கூடப் பரவாயில்லை ஃபாதர். கல்யாணத்துக்கு அப்புறம் தெரிஞ்சிருந்தா இவரை நம்பியிருக்கவே மாட்டேன்."

மணமக்களைத் தனித்தனியே அழைத்துக் கேட்பதையும் சிலர் சந்தேகமாகப் பார்க்கிறார்கள். திருமணத்தை உண்டாக்குவது மணமக்களின் சம்மதமே. வேறு எந்த மனிதரும் அதை ஈடு செய்ய முடியாது என்கிறது திருச்சபைச் சட்டம் 1057. மற்ற அருளடையாளங்களைப் பொதுவாகத் திருநிலை பெற்ற பணியாளர்கள் வழங்குகிறார்கள். திருமணத்தை மணமக்களே ஒருவருக்கொருவர் வழங்குகிறார்கள். குருவானவர் திருச்சபையின் பெயரால் அந்தச் சம்மதத்தைக் கேட்டுப் பெறும் சாட்சி. வற்புறுத்தலாலோ பேரச்சத்தாலோ சொன்ன 'சம்மதம்' செல்லாது (சட்டம் 1103). "அப்பா முடிவு பண்ணிட்டார்" என்று தலைகுனிந்து சொன்ன ஒரு பிள்ளைக்கு நாங்கள் ஓலை வாசிக்கவில்லை. அவருடைய தந்தை இன்றும் எங்களோடு சரியாகப் பேசுவதில்லை.

ஆகவே, மண்டபத்துக்கு அட்வான்ஸ் கொடுக்குமுன் பங்கு இல்லத்துக்கு வாருங்கள். பயிற்சிக்கு லீவு கேட்கக் கடிதம் தேவையென்றால் எழுதித் தருகிறோம்.