தும்பிக்கைக்கு எலும்பு ஏது?

இந்த மண்டையோட்டைத் தயங்காமல் தூக்கிப் பாருங்கள். அசல் மண்டையோட்டில் அச்செடுத்து, அதில் பிசின் ஊற்றி வார்த்த நகல்தான் இது. புதுச்சேரி முத்தியால்பேட்டைப் பிள்ளைகளிடம் காட்டினால் சிலர் "பன்றி" என்பார்கள், சிலர் "குதிரை" என்பார்கள். குதிரை என்றவர்களுக்குப் பாதி மதிப்பெண். இது தாபிர். குதிரைக்கும் காண்டாமிருகத்துக்கும் சொந்தக்காரன்.

மூக்கு இருக்கவேண்டிய இடத்தைத் தடவுங்கள். பெரிய பள்ளம்! அது கண்குழிக்கு மேல்வரை போகிறது. மூக்கெலும்போ உச்சியில் சின்ன முக்கோணமாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. காரணம், தாபிருக்குக் குட்டித் தும்பிக்கை உண்டு. மூக்கும் மேலுதடும் சேர்ந்து நீண்ட அந்தத் தும்பிக்கை முழுக்கத் தசை, எலும்பே கிடையாது. அந்தத் தசைகளுக்கு இடம் வேண்டுமே, அதற்குத்தான் இந்தப் பள்ளம். பல்லிலும் ஒரு வேடிக்கை. மேல்தாடையில் கோரைப்பல் மாதிரி கூராக இருப்பது கோரைப்பல் இல்லை, மூன்றாவது வெட்டுப்பல். உண்மையான கோரைப்பல் அதன் பின்னால் சின்னதாக ஒளிந்திருக்கிறது.

பாரிஸில் கூவியே என்றொரு மேதை இருந்தார். எலும்பைப் பார்த்தே மிருகத்தைச் சொல்லிவிடுவார். பெரிய நாற்கால் விலங்குகளில் புதிதாக ஒன்று இனிக் கிடைப்பது அரிது என்று 1812-இல் எழுதினார். தாபிர் அமெரிக்காவில் மட்டுமே உண்டு என்றுதான் ஐரோப்பிய அறிஞர்கள் அப்போது நினைத்திருந்தார்கள்.

அவருடைய சீடர் தியார் வங்காளத்துக்கு வந்தார். கூவியேயின் வளர்ப்பு மகன் துவோசெலும் அவரும் தங்கி வேலை செய்தது சந்திரநாகூரில். நம் புதுச்சேரி ஆளுநரின் கீழ் இருந்த பிரெஞ்சு ஊர் அது. பக்கத்து பாரக்பூரில் ஆங்கிலேயத் தலைமை ஆளுநரின் விலங்குத் தோட்டத்தில் ஒரு மிருகம் நின்றது. எருமைக்கு வெள்ளை வேட்டி போர்த்தியது போல, முன்பகுதி கறுப்பு, நடுவில் வெள்ளை. தியார் அசந்துபோனார். அதைவிட அசந்தது கல்கத்தா ஆசியக் கழகத்தில். அங்கே அதே மிருகத்தின் தலை ஒன்று முன்பே வந்து கிடந்தது! மலாக்காவிலிருந்து ஃபார்குவர் என்ற பிரிட்டிஷ் அதிகாரி அனுப்பியது. மலாய்க் காடுகளில் யானை போல இதுவும் சாதாரணம் என்று குறிப்பும் இருந்தது. ஊர்க்காரர்களுக்குத் தெரிந்தது பாரிஸுக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். தியார் அனுப்பிய செய்தியை வைத்து 1819-இல் தேமரே என்ற பிரெஞ்சு விலங்கியலாளர் அதற்கு அறிவியல் பெயர் சூட்டினார்.

தாபிர்களில் இப்போது உயிரோடிருப்பவை நான்கு இனங்கள். மூன்று அமெரிக்காவில், ஒன்று மட்டும் ஆசியாவில். முன்காலில் நான்கு விரல், பின்காலில் மூன்று. வயிற்றில் பதின்மூன்று மாதம் இருந்து பிறக்கும் குட்டியின் உடம்பெல்லாம் வெள்ளைக் கோடும் புள்ளியும். சில மாதங்களில் மறைந்துவிடும்.

காடுகள் எண்ணெய்ப்பனைத் தோட்டங்களாகிவிட்டதால் ஆசியத் தாபிர் குறைந்துவருகிறது. இரவில் சாலை கடக்கும்போது வண்டியில் அடிபட்டும் சாகிறது. மலேசியாவில் உங்களுக்குச் சித்தப்பாவோ மாமாவோ இருந்தால் கேட்டுப் பாருங்கள்: நெடுஞ்சாலை ஓரத்தில் தாபிர் படம் போட்ட எச்சரிக்கைப் பலகையை அவர்கள் பார்த்திருக்கக்கூடும்.